கடல் கடந்தோரும் ஊர் நிலமும்: அற்றோணித் தத்துவத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தென்னிந்தியத் தமிழரின் கடல்கடந்த குடிப்பெயர்ச்சி பற்றிய ஆய்வுகள் இதுவரை பெரும்பாலும் அவர்கள் சென்றடைந்த நாடுகளையே மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. ஒப்பந்தக் கூலி முறை, கங்காணி முறை, தோட்டத்து ஊதியம், வாக்குரிமை, குடியுரிமை ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் கப்பலேறியவன் தன் பின்னால் எதனை விட்டுச் சென்றான், விட்டுச் சென்றதை எவ்வழியாற் காத்துக்கொள்ள முயன்றான், அம்முயற்சியில் அவனுக்குச் சட்டம் துணைநின்றதா என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறவில்லை. ஒரு பங்கு நிலம், ஒரு மனைக்கட்டு, தந்தை வைத்த ஒற்றி, தமையனிடம் ஒப்படைத்த பத்திரம் ஆகியவற்றைச் சுற்றி எழுந்த சட்டக் கருமங்கள் தனிப்பட்ட குடும்ப விவகாரங்களாகவே கருதப்பட்டு வந்தன. அவற்றைச் சமூக வரலாற்றின் பகுதியாக நோக்கும்போது, ஒரே சட்டம் வெவ்வேறு வர்க்கத்தாருக்கு வெவ்வேறு வகையிற் பயன்பட்டமை தெளிவாகின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டத்தின் வடிவம்

இல்லாத ஒருவருக்காக இன்னொருவர் கருமமாற்றும் அதிகாரத்தை வழங்கும் ஆவணத்தை நாம் அற்றோணித் தத்துவம் என்கிறோம். தமிழகத்தில் அது முக்தியார்நாமா என்றும், பிற்காலத்தில் அதிகாரப் பத்திரம் என்றும் வழங்கலாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முகவாண்மையின் பொது விதிகளை வகுத்தது. 1882 ஆம் ஆண்டில் அதிகாரப் பத்திரங்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இலங்கையில் இதற்கான கட்டளைச் சட்டம் 1902 ஆம் ஆண்டிலேயே வந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை முக்கியமானவை 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும், 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமுமாகும். பதிவுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு இந்தியாவுக்கு வெளியே வாழ்பவர் தத்துவம் வழங்கும் முறையைக் கூறுகின்றது. அத்தகையவர் நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையிலோ, நீதிமன்றம், நீதிபதி, நீதவான், அல்லது அரசின் தூதரகப் பிரதிநிதி ஒருவரின் முன்னிலையிலோ கையொப்பமிட்டு, அவரது அத்தாட்சியையும் பெறுதல் வேண்டும். இவ்வாறு அத்தாட்சி பெற்ற ஆவணம் முறையாக ஆக்கப்பட்டதென்று நீதிமன்றம் அனுமானித்தல் வேண்டும் என்பது 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 85 ஆம் பிரிவாக இருந்தது. ஆவணம் இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரை வரியைச் செலுத்தவேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட உறுதியொன்றைப் பதிவு செய்வதாயின், அது இந்தியாவை வந்தடைந்து நான்கு மாதங்களுக்குள் பதிவு அலுவலகத்திற் கையளிக்கப்படல் வேண்டும்.

இவ்விதிகளின் புவியியல் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிக்கப்படும்வரை பிரித்தானிய இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆதலின் இரங்கூனில் வாழ்ந்த தமிழன் சட்டத்தின் பார்வையில் அந்நிய நிலத்தில் இருக்கவில்லை. ஆனால் பாக்குநீரிணையைக் கடந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய இலங்கை, தனிக் குடியேற்ற நாடாக இருந்தமையால், வெளிநாடாயிற்று. கண்டியிலிருந்த தொழிலாளி, தூரத்தால் அண்மையிலும் சட்டத்தால் சேய்மையிலும் இருந்தான்.

தத்துவத்தின் பொருளை நீதிமன்றங்கள் மிக இறுக்கமாகவே வாசித்தன. வெளிப்படையாகச் சொல்லப்படாத அதிகாரம் வழங்கப்படாத அதிகாரமே என்னும் கோட்பாட்டை 1893 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிற் கோமறைக் கழகம் உறுதிப்படுத்தியது. அதிகாரம் வழங்கியவர் இறப்பாராயின் ஒப்பந்தச் சட்டத்தின்படி முகவாண்மையும் பொதுவாக முடிவுக்கு வரும். ஆகவே இந்த ஆவணம் கவனமாக எழுதப்படவும், காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படவும், கண்காணிக்கப்படவும் வேண்டியதாயிற்று. எழுத்தறிவும் பணமும் ஓய்வும் உடையவரையே இச்சட்டம் தன் மனத்திற் கொண்டிருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

2. மூன்று வர்க்கங்கள்

இந்த ஆவணத்தை மிகத் திறம்படப் பயன்படுத்தியோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாராவர். அவர்களது தொழிலமைப்பில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். கொழும்பு, இரங்கூன், பினாங்கு முதலிய இடங்களில் இயங்கிய கடைகளை முகவர்களே நடத்தினர். பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்ட முகவருக்கு முதலாளி முழு அதிகாரம் கொண்ட தத்துவம் வழங்கினார். தவணை முடிந்து புதியவர் வந்ததும் பழையது நீக்கப்பட்டுப் புதியது எழுதப்பட்டது. கடன் கொடுத்தல், ஈடு வாங்குதல், வழக்குத் தொடுத்தல், தீர்ப்பை நிறைவேற்றி நிலத்தை ஏலத்தில் எடுத்தல் ஆகிய அனைத்தும் விலாசத்தின் பெயரால் நிகழ்ந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்த செட்டிமாரின் நிலவுடைமை, பெருமந்தத்தின் பின் 1930களின் இறுதியில் ஏறத்தாழ 25 சதவீதமாக உயர்ந்தது. உரிமையாளர் தாம் நேரில் அங்கு இல்லாமலேயே இத்துணை நிலத்தைப் பெற முடிந்தமைக்கு, நெல் விலை வீழ்ச்சியோடு இந்த முகவாண்மை அமைப்பும் காரணமாயிற்று.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது திசையாகும். செட்டியாரின் தத்துவம் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்றது. மூலதனத்தின் உரிமையாளர் ஊரில் இருந்தார். அவரது கை கடலுக்கு அப்பால் நீண்டது. தொழிலாளியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவனது உடல் கடலுக்கு அப்பால் இருந்தது. உரிமை, அப்படி ஒன்று இருக்குமாயின், ஊரில் இருந்தது. ஊரை நோக்கி நீளும் கை அவனுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கையைப் பெறுவதற்கான வசதிதான் அவனிடம் இருக்கவில்லை.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோரிற் பெருந்தொகையினர் தாழ்த்தப்பட்ட சாதியினராவர். அவர்களிற் பலருக்கு ஊரில் நிலமே இருந்ததில்லை. சேரியிலோ மிராசுதாரரின் புறம்போக்கிலோ இருந்த குடிசையும், அறுவடைக் களத்திற் பெறும் வழக்கமான பங்கும், கோயில் விழாவில் உள்ள இடமுமே அவர்தம் உடைமைகள். இவை பதிவு அலுவலகத்தின் ஏடுகளில் இடம்பெறாத உரிமைகள். ஏட்டில் இல்லாத உரிமையைக் காக்க எந்த நொத்தாரிசின் முத்திரையும் உதவாது. அவன் ஊரை விட்டகன்ற நாளிலேயே அவை கைமாறின.

சிறுநிலம் உடையவராய் வந்தோரின் நிலை சற்று வேறுபட்டதாயினும் பாதுகாப்பானதன்று. சொத்து மாற்றச் சட்டத்தின் 54 ஆம் பிரிவின்படி, 100 ரூபாவுக்குக் குறைந்த பெறுமதியுடைய நிலத்தை எழுத்து ஆவணம் எதுவுமின்றி, நிலத்தைக் கையளிப்பதன் மூலமே விற்கலாம். ஏழைகளுக்குப் பதிவுச் செலவு ஏற்படாதிருக்கவேண்டும் என்பது இதற்குக் கூறத்தக்க நியாயமாகும். ஆயின் இல்லாத ஏழைக்கு இதுவே பெருங் கேடாய் முடியக்கூடியது. அவனது அரை ஏக்கர் புஞ்சை பங்காளியின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்கு மாறியபோது, அதை விற்றது யார், எந்த அதிகாரத்தால் என்று காட்டும் துண்டுத் தாள் ஒன்றேனும் எஞ்சவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பெரிய நிலத்துக்குப் பதிவேடு சாட்சியாயிற்று. சிறிய நிலத்துக்கு ஊர்வாயே சாட்சியாயிற்று. ஊர்வாய் இருப்பவன் பக்கமே பேசும்.

கிஸ்தி கட்டத் தவறினால் 1864 ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூற் சட்டத்தின்கீழ் நிலம் ஏலத்திற்கு வரும். கிஸ்தியை அனுப்புவதற்கும், ஏல அறிவித்தலை அறிவதற்கும் ஊரில் நம்பிக்கையான ஒருவர் வேண்டும். ஊர்க் கணக்கைக் கையில் வைத்திருந்த கர்ணமும் வரியைத் தண்டிய கிராம முன்சீப்பும் பெரும்பாலும் ஊரின் ஆதிக்க சாதியினரே.

இவ்விரு சாராருக்கும் இடையில் நின்றவன் கங்காணி. ஆள் சேர்ப்பதற்காக ஊருக்கும் தோட்டத்திற்கும் இடையே சென்றுவந்த அவனே பணத்தையும் கடிதத்தையும் செய்தியையும் கொண்டு சென்றான். சட்டம் அறியாத தத்துவம் ஒன்று அவனிடம் இருந்தது. தொழிலாளியின் ஒற்றியை மீட்பதும், அவன் தங்கையின் திருமணத்துக்குப் பணம் சேர்ப்பிப்பதும் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பியே நடந்தன. 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசின் பிரதிநிதிகள் கண்டியிலும் கோலாலம்பூரிலும் அமர்த்தப்பட்டனர். கூலி, வேலை நிலைமை, ஆட்சேர்ப்பு ஆகியன அவர்களது முதன்மைப் பொறுப்புகளாயின. ஊரிலுள்ள காணி பற்றிய வழக்கு அவர்களது கடமைகளின் மையத்தில் இடம்பெறவில்லை.

தொழிலாளி ஒருவன் முறைப்படி தத்துவம் எழுத விரும்பினான் எனக் கொள்வோம். தோட்டத்தில் ஒருநாட் பேரை இழந்து, துரையின் அனுமதி பெற்று, அட்டனுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ செல்லவேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பத்திரத்திற்குப் பெருவிரல் அடையாளம் இடவேண்டும். நொத்தாரிசுக்குக் கட்டணமும், ஊரில் முத்திரைச் செலவும் கொடுக்கவேண்டும். இத்தனையும் செய்தபின் அதிகாரம் பெறுபவர் யார்? பெரும்பாலும் எவரிடமிருந்து நிலத்தைக் காக்கவேண்டுமோ அந்த உறவினரேயாவர்.

3. காலம் யார் பக்கம்?

கடல் கடந்தவனின் சட்ட நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது காலவரையறைச் சட்டமாகும். 1908 ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒருவரின் நிலத்தை மற்றொருவர் எதிரிடையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டனுபவித்தால், உண்மை உரிமையாளர் வழக்கிடும் உரிமையை மட்டுமன்றி நிலத்தின் மீதான உரித்தையே இழப்பார். பராயமடையாதோருக்கும் சித்தசுவாதீனமற்றோருக்கும் இச்சட்டம் சலுகை வழங்கியது. கடலுக்கு அப்பால் இருப்போருக்கு வழங்கவில்லை.

அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவு வேறொன்றைக் கூறியது. பிரதிவாதி பிரித்தானிய இந்தியாவில் இல்லாதிருந்த காலம், வழக்கிடுவதற்கான காலவரையறையைக் கணக்கிடும்போது விலக்கப்படும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. கடன்பட்டவன் கடல் கடந்துவிட்டால் கடன் கொடுத்தவனுக்காகக் காலம் நின்று காத்திருக்கும். நிலமுடையவன் கடல் கடந்துவிட்டால் அவனுக்கெதிராகக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். முப்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்துத் திரும்புபவன், தன் நிலம் போய்விட்டதையும் தன் கடன் அப்படியே இருப்பதையும் ஒருங்கே காணக்கூடும். 1963 ஆம் ஆண்டின் புதிய காலவரையறைச் சட்டமும் இந்த அடிப்படையை மாற்றவில்லை.

இந்த ஏற்பாடு தவிர்க்கவியலாததா? அன்று. ஆங்கிலச் சட்டத்தில் 1623 ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகக் கடலுக்கு அப்பால் இருத்தல் வழக்காளிக்குரிய இயலாமைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பலும் தந்தியும் வந்தபின், 1856 ஆம் ஆண்டிலும், நிலத்தைப் பொறுத்து 1874 ஆம் ஆண்டிலும் அச்சலுகை நீக்கப்பட்டது. செய்தி விரைவிற் சென்று சேரும் காலத்தில் அச்சலுகை தேவையற்றது என்னும் வாதம், தந்தி அனுப்ப வல்ல வணிகனுக்குப் பொருந்தும். பெயரெழுதத் தெரியாத கூலிக்குப் பொருந்தாது.

இங்கே நமது நாட்டுச் சட்டம் ஒரு முக்கியமான ஒப்பீட்டை வழங்குகின்றது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்தாண்டு எதிரிடை ஆட்சியால் உரித்துப் பெறலாம் எனக் கூறினும், அதன் 13 ஆம் பிரிவு கடலுக்கு அப்பால் இருத்தலைப் பராயமின்மை, சித்தசுவாதீனமின்மை ஆகியவற்றோடு சேர்த்து ஓர் இயலாமையாக ஏற்றது. வழக்கிடும் உரிமை எழுந்த வேளையில் உரிமையாளர் கடலுக்கு அப்பால் இருந்தால் அக்காலம் அவருக்கெதிராக ஓடாது. முப்பதாண்டு ஆட்சியே அதற்கு எல்லையாக வகுக்கப்பட்டது. எனவே மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரின் காணிக்கு அவரது நாட்டுச் சட்டம் வழங்கிய பாதுகாப்பு, அதே மலாயாவுக்குச் சென்ற தஞ்சாவூர்த் தொழிலாளியின் காணிக்கு அவனது நாட்டுச் சட்டத்தால் வழங்கப்படவில்லை. ஒரே பேரரசின் இரு கரைகளில் இரு நீதிகள் நிலவின.

சாட்சியச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு இதனிலும் கடுமையான விளைவுடையது. ஒருவர் உயிருடனிருந்தால் இயல்பாக அவரைப்பற்றி அறிந்திருக்கக்கூடியோர் ஏழாண்டுகளாக அவரைப்பற்றி எதுவும் கேள்விப்படாதிருப்பின், அவர் உயிருடன் உள்ளார் என்பதை மெய்ப்பிக்கும் பாரம் அதனைக் கூறுபவரையே சாரும். கடிதம் எழுதத் தெரியாதவனின் மௌனம் மரணமாக வாசிக்கப்படக்கூடிய நிலை இதனால் உருவாயிற்று. ஒப்பந்தக் கூலிகளைப் பொறுத்தவரை ஒரு பதிவேனும் இருந்தது. நேற்றாலுக்கும் பீஜிக்கும் சென்றோரின் குடிப்பெயர்ச்சிச் சீட்டில் தந்தை பெயர், சாதி, ஊர், வட்டம், நெருங்கிய உறவினர் ஆகியன எழுதப்பட்டன. அவர்கள் அங்கு இறந்தால் எஞ்சிய பணத்தை உரியவருக்குச் சேர்ப்பிக்க அப்பதிவு பயன்பட்டது. கங்காணியோடு வந்தவனுக்குத் தொடக்க காலத்தில் அத்தகைய பதிவும் இருக்கவில்லை.

வழக்கு நடைமுறையும் இவ்வாறே அமைந்தது. 1908 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவையின்படி, வெளிநாட்டில் வாழும் பிரதிவாதிக்கு ஊரில் அழைப்பாணை ஏற்க அதிகாரம் பெற்ற முகவர் இல்லையெனில், அஞ்சல் மூலம் அது அனுப்பப்படலாம். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனுக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயரே. அவன் வராவிடில் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படும். அவனே வழக்காளியாயின், இந்தியாவில் வேறு போதிய நிலம் இல்லாதவிடத்து, செலவுக்குப் பிணை கட்டுமாறு பணிக்கப்படலாம். நிலத்தை இழந்தவனிடமே நிலம் இல்லாமைக்காகப் பிணை கேட்கும் விதி இது.

4. கூட்டுக் குடும்பமும் பிறர் பெயரும்

இந்து கூட்டுக் குடும்பச் சட்டம் மட்டும் இல்லாதவனுக்கு ஓரளவு இரக்கம் காட்டியது. மிதாட்சர முறையில் மகன் பிறப்பாலேயே பங்குரிமை பெறுகிறான். ஒரு பங்காளியின் ஆட்சி அனைவரின் ஆட்சியாகவே கொள்ளப்படும். கூட்டுச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவன் வழக்கிடுவதற்கான பன்னிரண்டு ஆண்டுகள், அவன் விலக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்தே தொடங்கும். ஆகவே ஊரிலிருந்து வந்த கடிதங்கள் வெறும் குடும்பச் செய்திகளல்ல. அவை சட்டச் சான்றுகளுமாயின. உனக்கு இங்கு பங்கில்லை என்று தமையன் எழுதிய ஒரு வரி, காலத்தின் கடிகாரத்தைத் தொடக்கிவைக்கும். எனினும் குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காகச் செய்த விற்பனை ஏனையோரையும் கட்டுப்படுத்தும். அத்தேவை உண்மையா என்பதைக் கடலுக்கு அப்பாலிருந்து எதிர்த்து வாதிடுதல் எளிதன்று.

இதே கூட்டுக் குடும்பக் கோட்பாடு செல்வருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இலங்கையிலேயே புகழ்பெற்ற ஒரு வழக்குண்டு. தென்னிந்தியாவை வதிவிடமாகக் கொண்டு இலங்கையிற் பெருஞ் சொத்துடையவராயிருந்த அருணாசலம் செட்டியாரின் மகன் 1934 ஆம் ஆண்டிலும், அவர் தாமே 1938 ஆம் ஆண்டிலும் காலமாயினர். இலங்கை மரணச் சொத்துத் தீர்வைக் கட்டளைச் சட்டம் இந்து பிரிவினையுறாக் குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு விலக்களித்திருந்தது. ஆண் பங்காளி ஒருவர்கூட எஞ்சாத நிலையிலும் விதவையர் இருந்தமையாற் குடும்பம் தொடர்ந்து நிலவியது எனக் கொண்டு, 1957 ஆம் ஆண்டிற் கோமறைக் கழகம் முடிபுரைத்தது. இறப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இரு நாட்டுச் சட்டங்களையும் இணைத்து வாதிட வல்ல சட்டத்தரணிகளை இத்துணைக் காலம் அமர்த்தும் ஆற்றல் மூலதனத்துக்கு இருந்தது. தொழிலாளிக்கு இந்து சட்டம் பாடப்புத்தகத்தில் இருந்தது. செட்டியாருக்கு அது நீதிமன்றத்தில் இருந்தது.

ஊருக்குப் பணம் அனுப்பி நிலம் வாங்கியோரின் நிலை இன்னொரு வகையிற் கவனத்துக்குரியது. கடல் கடந்தவனின் பணத்தில் வாங்கிய நிலத்தின் உறுதி, ஊரிலுள்ள தம்பி பெயரிலோ மைத்துனன் பெயரிலோ எழுதப்படுவது வழமை. பினாமி எனப்படும் இவ்வழக்கை 1854 ஆம் ஆண்டிலேயே கோமறைக் கழகம் ஏற்றிருந்தது. 1882 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 82 ஆம் பிரிவும், விலை கொடுத்தவருக்காகவே பெயர் கொண்டவர் சொத்தை வைத்துள்ளார் எனக் கூறியது. அதாவது அனுப்பிய பணத்தை மெய்ப்பிக்க முடிந்தால் நிலத்தை மீட்கலாம். நிலவுச்சவரம்பை ஏமாற்றியோரையும் கறுப்புப் பணம் உடையோரையும் கருதி 1988 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பினாமித் தடைச் சட்டம் இவ்வழியை அடைத்தது. உண்மை உரிமையாளர் பெயர் கொண்டவருக்கெதிராக வழக்கிடும் உரிமை, கூட்டுக் குடும்பப் பங்காளி, நம்பிக்கைப் பொறுப்பாளர் போன்ற சில விலக்குகள் தவிர, நீக்கப்பட்டது. முன்னரே தொடுக்கப்பட்டிருந்த வழக்குகளையும் இச்சட்டம் பாதிக்கும் என 1989 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1995 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் அதனை மாற்றிக்கொண்டது. முற்போக்கான நோக்குடைய ஒரு சட்டம், உறவை நம்பிப் பணம் அனுப்பிய உழைப்பாளியையும் கறுப்புப் பணக்காரனையும் ஒரே வலையிற் பிடித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

5. குடியுரிமையும் ஊர்த் தொடர்பும்

1948 ஆம் ஆண்டின் பின் இவ்வினா புதிய கூர்மை பெற்றது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் விவாகமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இலங்கையில் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும் எனக் கோரியது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு அந்தத் தொடர்ச்சியை முறிக்கும். இப்போது முன்கூறியவற்றை நினைவுகூர்க. தத்துவம் எழுத வசதியற்றவன் தன் நிலத்தைக் காக்கத் தானே ஊருக்குச் செல்லவேண்டும். வழக்கு மன்றத்தில் ஓராண்டுக்குள் முடியும் வழக்குகள் அரிது. அவன் அங்கு தங்கினால் இலங்கைக் குடியுரிமைக்கான தகுதியை இழப்பான். தங்காவிடில் ஊர் நிலத்தை இழப்பான். இரு நாட்டுச் சட்டங்களும் தனித்தனியே நோக்குமிடத்து ஒழுங்கானவையாகத் தோன்றலாம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றவன் தொழிலாளியே.

1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பற்றியது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் இணக்கம் காணப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். தாயகம் திரும்புவோர் என்னும் சொல் அவர்களுக்கு ஊரில் ஏதோ ஓர் இடம் உண்டென்ற எண்ணத்தை எழுப்புகின்றது. பலருக்கு அவ்வூரே தந்தையாரின் வாய்மொழியாக மட்டும் எஞ்சியிருந்தது. பாட்டனின் பங்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ சட்டப்படியே பிறருடையதாகிவிட்டது. இதனாலேதான் 1968 ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், அவை போன்ற வேறு திட்டங்களிலும் அவர்களுக்கு மீண்டும் கூலி வேலையே தேடவேண்டியிருந்தது.

இலங்கைக் குடியுரிமை பெற்றோருக்கு வேறொரு தடை எழுந்தது. 1973 ஆம் ஆண்டின் இந்திய அந்நியச் செலாவணி ஒழுங்குபடுத்தற் சட்டத்தின் 31 ஆம் பிரிவு, இந்தியக் குடிகளல்லாதோர் இந்தியாவில் அசையாச் சொத்தை வாங்கவும் வைத்திருக்கவும் மாற்றவும் மத்திய வங்கியின் அனுமதி தேவை எனக் கூறியது. பர்மாவில் 1948 ஆம் ஆண்டின் நிலத் தேசியமயச் சட்டத்தாலும் 1960களின் தேசியமயமாக்கலாலும் செட்டிமாரும் தம் உடைமைகளை இழந்தனர். ஆயின் அவர்களுக்குத் திரும்பிச் செல்லச் செட்டிநாட்டு வீடு இருந்தது. இழப்பின் அளவு மட்டுமன்று, இழப்பின்பின் எஞ்சுவது எது என்பதும் வர்க்கத்தாற் தீர்மானிக்கப்படுகின்றது.

6. இன்றைய தொடர்ச்சி

1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி முகாமைச் சட்டம் பழைய கெடுபிடிகளிற் பலவற்றைத் தளர்த்தியது. வெளிநாடு வாழ் இந்தியர் என்னும் தொடர் இன்று முதலீட்டாளரையே நினைவூட்டுகின்றது. எனினும் வளைகுடா நாடுகளிற் கட்டடத் தொழில் செய்வோரும் அத்தொடருக்குள் அடங்குவர். அவர்களும் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றுத் தத்துவம் அனுப்புகின்றனர். அதன் எல்லைகளை நீதிமன்றங்கள் மேலும் தெளிவாக்கியுள்ளன. தத்துவம் பெற்றவர் கருமமாற்றலாம். ஆனால் அதனை வழங்கியவருக்கு மட்டுமே நேரிற் தெரிந்தவற்றைப்பற்றி அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்லவியலாது என 2004 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடைபெறும் விற்பனை உரித்தை மாற்றாது என 2011 ஆம் ஆண்டில் அது வலியுறுத்தியது. மோசடிகளைத் தடுப்பதற்கு இத்தீர்ப்புகள் தேவையானவையே. ஆயினும் இறுதியில் மனிதன் நேரில் வரவேண்டும் என்பதே அவற்றின் பொருளாகின்றது. விடுமுறைக்கு முதலாளியின் தயவை நாடியிருப்பவனுக்கு அது எளிதன்று. சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் ஏழாண்டு விதி தொடர்கின்றது.

வரலாறு இங்கு ஒரு மாற்றுவழியையும் காட்டுகின்றது. இலங்கையின் 1871 ஆம் ஆண்டுச் சட்டம், இல்லாமையை உரிமையாளரின் அசட்டையாகக் கொள்ளாது இயலாமையாகக் கொண்டது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையிலான போர்க்காலத்தில் தம் காணி உரிமையை வலியுறுத்த இயலாதிருந்தோருக்கெதிராக அக்காலத்தைக் கணக்கிடுவதைத் தடுத்தபோது, அதே தத்துவத்தைப் புதிய சூழலுக்கு விரித்தது. விரும்பிச் சென்றவனுக்கும் விரட்டப்பட்டவனுக்கும் வேறுபாடு உண்டென்பர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த மண்டபத்திற் கப்பலேறியவன் இவ்விருவருள் எவன் என்னும் வினாவுக்கு இந்தியக் காலவரையறைச் சட்டம் இன்னும் விடை கூறவில்லை.

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது, யாவரும் சட்டத்தின் முன் வந்து நிற்க வல்லவராயின் மட்டுமே பொருளுடையதாகும். கடல் கடந்தோரின் ஊர்நில வரலாறு அவ்வாறு வந்து நிற்க இயலாதவரின் வரலாறாகும். தீர்ப்பேடுகளில் நாம் காண்பவர் செட்டியாரும் மிராசுதாரரும் கங்காணியுமே. தொழிலாளியை அங்கே தேடுதல் வீண். அவனைத் தேடவேண்டிய இடம், ஊர்க் கணக்கில் பட்டாவின் பெயர் மாறிய வரியாகும்.